சோத்துக்கு நிக்கிற தோட்டம்

மாநகர சைபர் குற்றப்பிரிவு, கோயம்புத்தூர். மனு விசாரணை. நாள் 06.11.2025, காலை மணி 11.10. விசாரிப்பவர் உதவி ஆய்வாளர் திருமதி ஜாஹிதா. எதிர்மனுதாரர் அருள்செல்வி, வயது 46, க/பெ ஆரோன், போத்தனூர், கோயம்புத்தூர். விசாரிக்கச் சொல்வதாவது:

நான் மேற்கண்ட ஊரில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை செய்கிறார். நான் அவிநாசி சாலையில் உள்ள நொய்யல் உயராய்வு மையத்தில் பதினாறு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். மையத்தின் ஆய்வேட்டு இணையதளமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. மேற்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எழுதப்பட்ட எம்.ஃபில்., பி.எச்டி. ஆய்வேடுகளையும் பேராசிரியர்களின் ஆய்வறிக்கைகளையும் ஸ்கேன் செய்து, யாரும் தேடிப் படிக்கும்படி அதில் வைத்திருக்கிறோம். இன்றைய தேதிக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆய்வேடுகள் உள்ளன. என் மீது இதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை. நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. காய்கறிக்காரர் தராசைக்கூட ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று கணவர் என்னைக் கேலி செய்வார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

எங்கள் இணையதளத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது என்று பல வருடங்களாகவே பேச்சு உண்டு. பேச்சில் தப்பு இல்லை. பழைய தேடல் ஆய்வேட்டின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது. ஆகவே கடந்த ஜூன் மாதம் மையத்தின் இயக்குநர் முனைவர் லட்சுமணசாமி அவர்கள் தேடலைச் சீர்செய்யும் வேலையை ஆஷ்லி என்பவரிடம் ஒப்பந்தத்தில் கொடுத்தார். ஆஷ்லிக்கு வயது முப்பத்தொன்று இருக்கும். சரவணம்பட்டியில் தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்கிறவர். வந்த அன்றே எல்லா லாகின்களின் பாஸ்வேர்டுகளையும் கேட்டார். எனக்கு அப்போதே அவர் மேல் ஒரு சந்தேகக் கண் இருந்தது.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதத்தில் முதல் வசதியாக, தேடல் பக்கத்தின் அடியில் "தேடியது கிடைக்கவில்லையா? எங்களிடம் சொல்லுங்கள்" என்று ஒரு பெட்டி வைத்தோம். யாராவது அதில் எழுதினால் அது என் மேசைக் கணினிக்கு வரும். முதல் வாரத்தில் ஏழு பேர் எழுதினார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரே ஆள் ஒரே வாசகத்தை அனுப்ப ஆரம்பித்தார். "என் எம்.ஃபில். ஆய்வேடு உங்கள் தளத்தில் இருந்தது, இப்போது இல்லை. செவ்வந்தி, அன்னூர்." நான் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. உங்கள் ஆய்வேடு எங்களிடம் இல்லை என்று பதில் போட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே வாசகம் மறுபடி வந்தது. பதினொரு நாள் இப்படி வந்த பிறகு, யாரோ வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்று முடிவு செய்து அவர் கொடுத்திருந்த எண்ணுக்கு ஃபோன் செய்து கோபமாகப் பேசினேன். அவர் என்னைவிட நிதானமாக, "ஏனுங்க மேடம், நாளைக்கும் அனுப்புவனுங்க. கெடைக்கிற வரைக்கும் அனுப்புவனுங்க" என்றார்.

செப்டம்பர் 22ஆம் தேதி செவ்வந்தி நேரில் வந்தார். வயது முப்பத்தைந்து. உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருப்பதாகவும், சொந்த ஊர் அன்னூருக்கு வடக்கே ஊஞ்சப்பாளையம் காலனி என்றும் சொன்னார். அவர் சொன்ன விவரம்: 2015இல் அவர் அன்னூர் வட்டாரத் தோட்டக் கிணறுகள் பற்றி எம்.ஃபில். ஆய்வேடு எழுதினார். அறுபத்திரண்டு கிணறுகளுக்கு நடந்து போய்க் கணக்கெடுத்தார். அந்தத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகும் தன் அம்மா பழனியாத்தாளைத்தான் வழிகாட்டக் கூட்டிப் போனார். அந்த வேலையையே விரித்து இந்த வருடம் பி.எச்டி. ஆய்வேடு சமர்ப்பித்தார். பல்கலைக்கழகத்தில் அதை மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது, முனைவர் குமாரசாமி 2019 ஜூன் மாதம் வெளியிட்ட கிணற்றுப் பாசன அறிக்கையோடு நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்கு ஒத்துப்போகிறது என்று வந்துவிட்டது. அதாவது செவ்வந்தி காப்பி அடித்துவிட்டார் என்று பொருள். அவரிடம் இருக்கும் பழைய பிரதியைக் காட்டியபோது, அது எப்போது வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடியது, மையத்தில் ஒப்படைத்த பிரதி இருந்தால் கொண்டுவா என்று பல்கலைக்கழக விசாரணைக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். அவர் படித்த கல்லூரி நூலகத்திலோ பழைய எம்.ஃபில். பிரதிகளை இடமில்லை என்று கழித்துவிட்டிருந்தார்கள். நவம்பர் 12ஆம் தேதி கடைசி விசாரணை. அன்று காட்டாவிட்டால் பதிவு ரத்தாகும், இனிமேல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது என்றார்.

முனைவர் குமாரசாமிதான் இந்த மனுவைக் கொடுத்தவர். எங்கள் மையத்தின் ஆலோசனைக் குழுவிலும் இருக்கிறார். அன்னூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம். அவர் போய் ஒரு காலனிப் பெண்ணின் ஏட்டைப் பார்த்து எழுதுவாரா என்றுதான் நான் நினைத்தேன். செவ்வந்தி பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். என் அம்மாவும் உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். அப்படியிருந்தும் நான் அப்படி நினைத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

இதற்கு முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் முனைவர் குமாரசாமி நூலகத்துக்கு வந்தார். வழக்கமாக அவர் இயக்குநர் அறையோடு போய்விடுவார். அன்று என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "இந்தப் புதுத் தேடலு பழசெல்லாங்கூடத் தோண்டி எடுக்குமுங்களா?" என்று கேட்டார். எடுக்குமுங்க என்றேன். "நல்லதுங்க, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, வாங்கி வைத்த டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் மறுபடி வந்து அதையே வேறு விதமாகக் கேட்டார். எந்த வருடத்திலிருந்து தோண்டும் என்றார்.

அதன் பிறகு அக்டோபர் மாதத்தில் இடப்பெயர் வசதியைச் சேர்த்தோம். எங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். ஆகவே ஆய்வேடுகளுக்குள் வரும் ஊர், தோட்டம், கிணறு, குளம் ஆகியவற்றின் பெயர்களை எடுத்து ஒரு பட்டியல் செய்து, ஒவ்வொன்றையும் சோதனைப் பக்கத்தில் போட்டு எத்தனை ஆய்வேடு வருகிறது என்று பார்ப்பது என் வேலை. சோதனைப் பக்கத்துக்காக ஆஷ்லி சேமிப்பில் இருந்த அத்தனையையும் எடுத்து வைத்திருந்தார். பொதுமக்கள் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்தவையும் அதில் இருந்தன என்பது எனக்கு அப்போது தெரியாது.

அக்டோபர் 16ஆம் தேதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல், முனைவர் குமாரசாமியின் 2019 அறிக்கையில் உள்ள கிணற்று அட்டவணையிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தேழாவது கிணற்றுக்கு எதிரில் "சோத்துக்கு நிக்கிற தோட்டம்" என்று இருந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் உடையவர்கள் சொல்லும் பெயர் ஒன்று, அங்கே வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர் வேறொன்று. இரண்டாவது பெயர் உடையவர்களின் காதுக்குப் போகாது, போகவிடவும் மாட்டார்கள். என் அம்மா வேலைக்குப் போன தோப்புகளுக்கும் அப்படிப் பெயர்கள் இருந்தன, அவற்றை இங்கே சொல்ல முடியாது. தோட்டக்காரர்களைப் பார்த்துக் கேட்டு எழுதியதாக முன்னுரையில் சொல்லியிருக்கும் ஒரு பேராசிரியருக்கு இந்தப் பெயரை எந்தத் தோட்டக்காரர் சொல்லியிருப்பார்?

பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தது. முதலாவது 2019 அறிக்கை. இரண்டாவது செவ்வந்தி, எம்.ஃபில்., 2015, வரிசை எண் 3318. அதன் பக்கத்தில் "மறைக்கப்பட்டது" என்று சாம்பல் நிறத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன். அட்டவணை அப்படியே இருந்தது, அறுபத்திரண்டு கிணறும் அதே வரிசையில். நான் யாரிடமும் கேட்காமல் 11.42 மணிக்கு அதன் மறைப்பை நீக்கினேன். என் லாகினில், என் கையால் செய்தேன். மனுவில் சொல்லியிருப்பதற்கு மாறாக, அன்று நான் எதையும் புதிதாக ஏற்றவில்லை.

அன்று மாலை செவ்வந்திக்கு ஃபோன் செய்து அந்தத் தோட்டம் எது என்று கேட்டேன். பகல் சோற்றுக்கு வேலையாட்களை இரண்டு மணி வரை வெயிலில் நிற்க வைப்பார்களாம், அதனால் வந்த பெயர் என்றார். யாருடையது என்று கேட்டேன். "குமாரசாமி சாரோட பெரியப்பா ஊட்டுத் தோட்டமுங்க" என்றார்.

அதன் பிறகு தீபாவளி விடுமுறை முடிந்து அக்டோபர் 24ஆம் தேதி இயக்குநர் அறையில் கூட்டம் நடந்தது. இயக்குநர், முனைவர் குமாரசாமி, ஆஷ்லி, நான் ஆகிய நான்கு பேரும் இருந்தோம். வெளியிலிருந்து யாரோ தளத்துக்குள் ஒரு போலி ஆய்வேட்டைச் செருகிவிட்டார்கள் என்று முனைவர் குமாரசாமி சொன்னார். நான் 2019 அறிக்கையைத் திறந்து, இருபத்தேழாவது கிணறு எங்கே இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "புளியம்பட்டி போற ரோட்டுல எங்கியோ ஒரு தோட்டமுங்க. ஆறேழு வருசமாச்சு, ஞாபகமில்லைங்க" என்றார். பெயருக்குப் பக்கத்தில் சர்வே எண் இருக்கிறதே என்று சொல்லி, பட்டா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு அவர் முன்னால் திருப்பி வைத்தேன். பட்டாவில் அவருடைய பெரியப்பா பெயர் இருந்தது. சின்ன வயதில் அவர் அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழகியிருப்பார். தங்கள் தோட்டத்தை அவருக்குப் "பெரிய தோட்டம்" என்ற பெயரில் மட்டுமே தெரியும். கழுத்து வரை சிவந்துபோனார். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படியானால் இத்தனை நாள் இதை மறைத்தது யார் என்று பார்க்க வேண்டும் என்றார். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி தானே குறித்து வைக்கும் பழைய செயல்பதிவை, அதாவது லாக்கை, எடுத்துப் பார்த்துச் சொல்லும்படி ஆஷ்லியிடம் கேட்டார். கூட்டம் அதோடு கலைந்தது.

எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் இருந்தது. முனைவர் குமாரசாமியே யாரையாவது பிடித்து மறைத்திருப்பார் என்று நினைத்தேன். இயக்குநர் செய்திருப்பாரோ என்றும் நினைத்தேன், ஏனென்றால் அந்த மாதத்தில் மூன்று முறை இடப்பெயர் பட்டியலை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். ஆஷ்லியை நினைக்காத நாள் இல்லை. அவர் ஃபோனை எப்போதும் கவிழ்த்தே வைப்பதுகூட எனக்குத் தப்பாகப் பட்டது.

மாலை மூன்றரை மணிக்கு ஆஷ்லி தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு ஒரு வரியைக் காட்டினார். வரிசை எண் 3318, மறைக்கப்பட்டது, 2018 நவம்பர் 2, பிற்பகல் 3.41, லாகின் அருள்செல்வி.

என் பாஸ்வேர்டு யாருக்கோ தெரிந்திருக்கிறது என்றுதான் முதலில் சொன்னேன். ஆஷ்லி அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளைக் காட்டினார். அன்று பிற்பகல் 3.26க்கும் 3.45க்கும் இடையில் அதே லாகினில் நாற்பத்தொரு ஆய்வேடுகள் மறைக்கப்பட்டிருந்தன. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். என் அப்பா கல்லறைக்குப் பூ வைக்கப் போக வேண்டும் என்று அன்று நான்கு மணிக்கு அனுமதி கேட்டிருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு இயக்குநர் அலுவலகத்திலிருந்து, இரட்டைப் பதிவுகள், இவற்றை மறைக்கவும் என்று நாற்பத்தொரு எண்களுடன் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. மறைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து, அது உண்மையிலேயே இரண்டு முறை ஏறியதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியதே நான்தான். அன்று ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. பத்தொன்பது நிமிடத்தில் நாற்பத்தொன்றையும் அழுத்திவிட்டுப் பூ வாங்கப் போனேன்.

இப்போது சரிபார்த்ததில் நாற்பது எண்கள் உண்மையிலேயே இரட்டைப் பதிவுகள். 3318 மட்டும் ஒற்றைப் பதிவு. அந்த எண்ணைப் பட்டியலில் சேர்த்தது யார் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சந்தேகம் இருக்கிறது, சாட்சி இல்லை. மின்னஞ்சலின் அச்சுப் பிரதியை இத்துடன் கொடுத்திருக்கிறேன், அதை அனுப்பிய கணினி எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நான் அன்று செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை இப்போதைக்கு யாரிடமும் காட்ட வேண்டாம் என்று ஆஷ்லியிடம் கேட்டுக்கொண்டேன். பதினாறு வருட வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மறுநாள் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த வரி அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை, ஆனால் தெரிந்திருந்தது. "அம்மணி, ஆஷ்லி டெஸ்டிங் பண்ணறப்ப ஏதோ ஆயிப்போச்சுன்னு சொல்லிப்போடுங்க. லாக்கெல்லாம் நம்பறதுக்கில்லைங்க. உங்க பேரு வெளிய வராம நான் பாத்துக்கறனுங்க" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அன்று மதியமே ஆஷ்லியின் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது. அவர் தன் சார்ஜரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "வாரனுங்க மேடம்" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனார். நான் சந்தேகப்பட்ட ஆட்களில் ஒரு தப்பும் செய்யாதவர் அவர் ஒருவர்தான். அவரைப் போகவிட்டது நான்.

அக்டோபர் 27ஆம் தேதி முனைவர் குமாரசாமி இந்த மனுவைக் கொடுத்திருக்கிறார். நானும் ஆஷ்லியும் செவ்வந்தியும் சேர்ந்து, இந்த வருடம் தயாரித்த ஒரு போலி ஆய்வேட்டைப் பழைய தேதி போட்டுத் தளத்தில் ஏற்றிவிட்டோம் என்பது அவர் புகார். நாங்கள் மூவரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் என்றும் எழுதியிருக்கிறார். செவ்வந்தி கிறிஸ்தவரே இல்லை. ஆஷ்லி எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

மனுவின் நகல் கையில் கிடைத்த பிறகு பலமுறை படித்தேன். இயக்குநர் சொன்னபடி செயல்பதிவு பழுது என்று நான் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பதிவு பழுது என்றால் 3318 போலி என்று ஆகிவிடும், செவ்வந்தி காப்பி அடித்தவர் என்று ஆகிவிடும். 2018 நவம்பரில் நான் அதை மறைத்தேன் என்றால், அது அன்று தளத்தில் இருந்தது. இல்லாத ஒன்றை யாரும் மறைக்க முடியாது. முனைவர் குமாரசாமியின் அறிக்கை வெளியானது 2019 ஜூனில்.

ஆகவே 2018 நவம்பர் 2 பிற்பகல் 3.41 மணிக்கு அந்த ஆய்வேட்டை மறைத்தவள் நான்தான். வேறு யாரும் என் லாகினைப் பயன்படுத்தவில்லை. இதைச் சொன்னபோது உதவி ஆய்வாளர் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "மனுவுல இதக் கேக்கலைங்க. எழுதிட்டா உங்க வேலைக்குத்தான் ஆபத்து, யோசிச்சுக்குங்க" என்றார்கள். யோசித்துத்தான் வந்தேன், எழுதுங்கள் என்றேன். இந்த வாக்குமூலத்தின் நகல் 12ஆம் தேதிக்கு முன் செவ்வந்திக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று மாலை ஆறு மணிக்குச் செவ்வந்திக்கு ஃபோன் செய்து, மறைத்தது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தேன். அவர், "அப்ப அது அங்கதான் இருந்துதுங்களா மேடம்" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லாரும் இல்லை இல்லைன்னு சொல்லிச் சொல்லி, நானே பொய் சொல்றனோன்னு எனக்கே தோணிப்போச்சுங்க" என்றார். அதோடு ஃபோனை வைத்துவிட்டார்.

மேலே கண்டவை நான் என் வாயால் சொல்ல எழுதப்பட்டவை. யாருடைய தூண்டுதலும் இல்லை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நீக்க வேண்டிய வரி எதுவும் இல்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) அருள்செல்வி
06.11.2025, பிற்பகல் 1.25

என் முன்பாக,
(ஒப்பம்) ஜாஹிதா, உதவி ஆய்வாளர்